கொல்லிமலையின் 70 வளைவுகளை சைக்கிளில் ஏறுவது எப்படி? மெதுவாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை கொல்லிமலைக்கு சைக்கிளில் போனபோது பத்தாவது கொண்டை ஊசி வளைவை 14 நிமிடத்தில் தொட்டுவிட்டேன். காலை நேரம், அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியில் குடித்த டீயின் தெம்பு, உடன் வந்தவர்களை முந்திவிட்ட சந்தோஷம். 31-வது வளைவில் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன. தடுப்புச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். 70-வது வளைவைத் தாண்டும்போது 3 மணி 10 நிமிடம் ஆகியிருந்தது.

ஒரு வருடம் கழித்து அதே சைக்கிளில் அதே பாதை. பத்தாவது வளைவுக்கு 18 நிமிடம். முன்பைவிட 4 நிமிடம் தாமதம். 70-வது வளைவுக்கு 1 மணி 56 நிமிடம், ஒரு இடத்திலும் தள்ளவில்லை.

அந்த ஒரு வருடத்தில் சைக்கிளில் மாற்றியது முன்னாலும் பின்னாலும் இருக்கும் பல்சக்கரங்களை மட்டும்தான். மற்றதெல்லாம் உடம்பில் நடந்த மாற்றம். அதற்கு நான் செய்தவை பெரும்பாலும் மெதுவான வேலைகள். அவற்றைத்தான் வரிசையாக எழுதுகிறேன். ஏற்காட்டின் 20 வளைவு, ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 வளைவு என எந்த மலைக்கும் இதே முறை பொருந்தும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுதான், ஆனால் சரிவு மிகக் கடுமை. அதை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் தொந்தரவு இருப்பவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

படி 1: மலைக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

கொல்லிமலையின் மேலே உள்ள ஊர்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கணக்குக்கு வசதியாக 1,000 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எடை 65 கிலோ, சைக்கிள் 12 கிலோ, தண்ணீர், கருவி எல்லாம் சேர்த்து 3 கிலோ. மொத்தம் 80.

எண்பது கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்க ஏறக்குறைய 784 கிலோஜூல் வேலை ஆகும். எப்படி ஏறினாலும் இந்தக் கடன் மாறாது. எவ்வளவு நேரத்தில் அடைக்கிறீர்கள் என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. பெடலில் 140 வாட் கொடுக்க முடிந்தால், டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் பத்தில் ஒரு பங்கு போக, சுமார் 1 மணி 45 நிமிடம். 200 வாட் கொடுக்க முடிந்தால் 1 மணி 13 நிமிடம். புதிதாகப் பழகும் ஒருவரால் ஒரு மணி நேரம் தொடர்ந்து தாங்க முடிவது 120 முதல் 160 வாட் அளவில்தான் இருக்கும்.

எடையின் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். 80-ல் ஒரு கிலோ குறைந்தால் நேரம் சுமார் 1.25 சதவீதம் குறையும். ஒன்றே முக்கால் மணி நேர ஏற்றத்தில் அது கிட்டத்தட்ட 80 நொடி. இதற்காக ஒரு லட்சம் கொடுத்து இரண்டு கிலோ குறைவான சைக்கிள் வாங்கப் போகிறவர்களைக் கையைப் பிடித்துத் தடுக்கத் தோன்றுகிறது. அந்த 160 நொடியும், அதற்கு மேலும், பயிற்சியிலேயே கிடைத்துவிடும்.

படி 2: கியரைச் சரிசெய்யுங்கள்

முதல் தடவை என் சைக்கிளில் இருந்த மிக இலகுவான கியர், முன்னால் 42 பல், பின்னால் 28 பல். பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒன்றரைச் சுற்று சுற்றும். சாலை சைக்கிளின் சக்கரச் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆக, நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே வேகம் மணிக்கு 11.3 கிலோமீட்டர். 8 சதவீதச் சரிவில் அந்த வேகத்துக்கு 220 வாட்டுக்கு மேல் தேவை. என்னிடம் அது இல்லை. அதனால் சுற்று 45-க்கும் 40-க்கும் இறங்கியது, ஒவ்வொரு மிதியும் பாறையைத் தள்ளுவதுபோல் ஆனது. தொடை பிடித்ததன் பாதிக் காரணம் இதுதான்.

முன்னால் 34, பின்னால் 34 இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. அதே 60 சுற்றில் வேகம் 7.5 கிலோமீட்டர், தேவை சுமார் 145 வாட். அதே மலை, அதே கால், ஆனால் இது தாங்கும்.

கடையில் போய் "மலை ஏறுவதற்கு, முன்னால் 34, பின்னால் 32 அல்லது 34 பல் போட முடியுமா?" என்று கேளுங்கள். சில சைக்கிள்களில், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் பின் டிரெயிலியரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், செயினின் நீளமும் மாறும். மெக்கானிக்கிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. கியர் உள்ள எம்டிபி, அதாவது தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள், வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. முன்னால் சின்னப் பல்சக்கரம் ஏற்கெனவே இருக்கும். டயர் கனமாக இருக்கிறதே என்று வருந்தாமல் அதிலேயே ஏறுங்கள்.

இலகுவான கியர் போடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறவர்கள் நிறைய. மலை அதையெல்லாம் பார்ப்பதில்லை.

படி 3: சீட் உயரம்

குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும். அதுதான் தொடக்க அளவு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கும். ஒரு நேரத்தில் அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.

படி 4: பன்னிரண்டு வாரம், அதில் பெரும்பகுதி மெதுவாக

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். தினமும் ஓரளவு வேகமாக மிதித்து, மூச்சு வாங்கி, வியர்த்து, "இன்று நன்றாகப் பயிற்சி செய்தேன்" என்று வீட்டுக்கு வருவேன். நான்கு மாதம் அப்படிப் போனது. முன்னேற்றம் முதல் ஆறு வாரத்தோடு நின்றுவிட்டது. காரணம் எளிது. அந்த நடுத்தர வேகம், களைப்பு தேங்கும் அளவுக்குக் கடினம், ஆனால் உச்சத் திறனைத் தூக்கும் அளவுக்குக் கடினம் இல்லை.

உடற்பயிற்சி ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், உலகத் தரமான நெடுந்தூர விளையாட்டு வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று தொகுத்துப் பார்த்தார். படகு, பனிச்சறுக்கு, ஓட்டம், சைக்கிள் என்று எதை எடுத்தாலும் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் எளிதான அளவில் நடந்தது. மிச்சம் 20 சதவீதம்தான் கடினம். உலகத்திலேயே வேகமானவர்கள் நேரத்தில் பெரும்பகுதியை மெதுவாகக் கழிக்கிறார்கள்.

ஏன் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் பொறுமை வரும். நீண்ட நேரம் மெதுவாக மிதிக்கும்போது தசைச் செல்லுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. தசையைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாக முளைக்கின்றன. இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. கொழுப்பை எரிக்கும் திறன் வளர்ந்து, மாவுச்சத்து இருப்பு மிச்சமாகிறது. இவையெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் வேலை. தசையை எலும்போடு இணைக்கும் தசைநார்கள் தசையைவிட இன்னும் மெதுவாகப் பலப்படுகின்றன. முதல் மாதமே தொடையில் தெம்பு வந்ததும் முழங்காலைப் பற்றி யோசிக்காமல் கடினமாக மிதிப்பவர்கள் வலியோடு படுத்துவிடுவது இதனால்தான்.

மெதுவு என்றால் எவ்வளவு மெதுவு? கருவி எதுவும் வேண்டாம், பேசிப் பாருங்கள். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம், இடையில் மூச்சு இழுக்காமல், சொல்ல முடிய வேண்டும். தனியாகப் போனால் ஒரு திருக்குறளைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் ஒரே மூச்சில் வந்தால் சரியான அளவு. நாலாவது சீரில் மூச்சு முட்டினால் வேகம் அதிகம், குறைத்துவிடுங்கள். நான் இன்றைக்கும் இப்படித்தான் பார்க்கிறேன்.

முதல் நான்கு வாரம்: வார நாட்களில் இரண்டு தடவை 45 முதல் 60 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட சவாரி. ஞாயிறு ஒன்றரை மணி நேரத்தில் தொடங்கி வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டுங்கள். எல்லாமே பேச முடிகிற வேகம். நான்காவது வாரத்தில் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்து ஓய்வெடுங்கள். உடம்பு பலப்படுவது ஓய்வில்தான்.

இந்த நான்கு வாரம் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள். காவிரிக் கரைச் சாலையில் கேரியரில் பால் கேன் கட்டிய பெரியவர் ஒருவர் தினமும் என்னைத் தாண்டிப் போவார். போகும்போது "என்ன தம்பி, வண்டியில ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்பார். மூன்றாவது வாரத்திலிருந்து கேட்பதை விட்டுவிட்டு, மணி அடித்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

ஐந்து முதல் எட்டாவது வாரம் வரை: வார நாட்களில் ஒன்றைக் கடினமாக்குங்கள். 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 8 நிமிடம் அழுத்தி மிதித்து, 5 நிமிடம் இளைப்பாற வேண்டும். இதை மூன்று தடவை. அழுத்தி என்றால் ஒன்றிரண்டு சொல் மட்டும் பேச முடிகிற அளவு, நாக்குத் தள்ளுகிற அளவு இல்லை. மூன்றாவது தடவையும் முதல் தடவையின் அதே வேகத்தில் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் முதலாவதை அதிகமாக மிதித்துவிட்டீர்கள். மலையில் நடக்கும் தவறின் சின்ன வடிவம் இது, இங்கேயே திருத்திக்கொள்ளலாம். எட்டாவது வாரம் மறுபடி பாதி.

மலை பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்வது? எதிர்காற்று மலைக்கு நல்ல மாற்று. சென்னையில் இருப்பவர்களுக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. கனமான கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று வைத்துக் காற்றை எதிர்த்து மிதியுங்கள். ஏற்றத்தில் காலுக்கு வரும் அதே வேலை. மேம்பாலங்கள் இதற்கு உதவாது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், வண்டிகளின் தொல்லையும் அதிகம்.

ஒன்பது முதல் பதினொன்றாவது வாரம்: கடினமான நாளில் 20 நிமிடம் வீதம் இரண்டு தடவை. ஞாயிறு மூன்று மணி நேரம். முடிந்தால் இந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் ஏற்காட்டுக்குப் போய் வாருங்கள். 20 வளைவுதான் என்றாலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறுவது எப்படி இருக்கும் என்பதை வேறு எந்தப் பயிற்சியும் சொல்லித் தராது. இடுப்பும் தோளும் எங்கே வலிக்கும் என்பதும் அங்கேதான் தெரியும்.

பன்னிரண்டாவது வாரம் இரண்டு சின்னச் சவாரி மட்டும். விட்டதையெல்லாம் கடைசி வாரத்தில் பிடித்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். கடைசி வாரத்தில் சேர்வது களைப்பு மட்டும்தான்.

படி 5: எந்த நாளில் போவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் வளைவுகளில் மண்ணும் கல்லும் சரிந்து கிடக்கும். ஆடிப்பெருக்கை ஒட்டி மேலே வல்வில் ஓரி விழா நடக்கும். அந்த நாட்களில் வேன்களும் பைக்குகளும் மலை முழுக்க இருக்கும், சைக்கிளுக்கு உகந்த நேரம் இல்லை. விடிந்ததும் காரவள்ளியில் இருந்து கிளம்பிவிடுங்கள். இருட்டில் ஏறக் கூடாது.

படி 6: முதல் பத்து வளைவு

காரவள்ளியில் கால் புதிதாக இருக்கும். பன்னிரண்டு வார உழைப்பும் "போ, போ" என்று சொல்லும். இங்கேதான் திருக்குறள் மறுபடி தேவைப்படுகிறது. பத்தாவது வளைவு வரை ஒரு குறள் முழுதாகச் சொல்ல முடிகிற வேகத்தில் போங்கள். உடன் வந்தவர்கள் முந்தட்டும். மணிக்கு 8 கிலோமீட்டர் என்றால் 8.

உங்கள் உடம்பு நீண்ட நேரம் தாங்கும் அளவு என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் வரை செலவும் வரவும் சரியாக இருக்கும். அதைத் தாண்டி ஐந்து நிமிடம் மிதித்தால் தேங்கும் களைப்பைக் கரைக்க அந்த ஐந்து நிமிடத்தைப்போல் பல மடங்கு நேரம் மெதுவாகப் போக வேண்டும். சமதரையில் மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் ஓடும், இளைப்பாறலாம். மலையில் நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். அங்கே இளைப்பாற இடமே கிடையாது. முதல் பத்து வளைவில் நான் சம்பாதித்த 4 நிமிடத்துக்கு வட்டி, 31-வது வளைவுக்கு அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டினேன்.

பத்திலிருந்து ஐம்பது வரை கொஞ்சம் கூட்டலாம். குறளின் முதல் அடி ஒரு மூச்சு, இரண்டாம் அடி ஒரு மூச்சு என்கிற அளவு. 55-க்கு மேல் மிச்சம் இருப்பதைச் செலவழியுங்கள். முந்திப் போனவர்களில் சிலரை அங்கே பார்ப்பீர்கள். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போங்கள், தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள்.

வளைவு எண் போட்ட பலகைகளை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். பிரான்சின் ஆல்ப் துவெஸ் மலைப் பாதையில் 21 வளைவு. அங்கே அடிவாரத்தில் 21 என்று தொடங்கி உச்சியில் 1 என்று முடியும், குறைந்துகொண்டே வருவது ஏறுகிறவருக்கு ஆறுதல். நம் கொல்லிமலையில் எண் கூடிக்கொண்டே போகும். 12 பார்க்கும்போது இன்னும் 58 இருக்கிறதே என்று மனம் சோர்ந்துவிடும். பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து மட்டும்தான் உங்கள் வேலை.

உட்கார்ந்தே மிதியுங்கள். எழுந்து நின்றால் சக்தி கூடும், இதயத் துடிப்பும் கூடும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது மிதி எழுந்து நின்று மிதித்தால் இடுப்பும் முதுகும் இளகும். எழும் முன் ஒரு கியர் கனமாக்கிக்கொள்ளுங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். விரலில் பியானோ வாசிக்க முடிகிற அளவு தளர்ச்சி இருக்க வேண்டும்.

படி 7: வளைவுக்குள்

கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. இடதுபுறம் திரும்பும் வளைவில் நம் பாதை உள்பக்கம் என்பதால் வழக்கமாகக் கஷ்டம். வளைவு வரும் முன்பே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். வளைவுக்குள் அழுத்தத்தோடு கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும்.

மேலிருந்து இறங்கும் பேருந்துக்கும் வாழைத்தார் ஏற்றிய லாரிக்கும் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும். மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்று விதி இருக்கிறது. விதியை நம்பி சைக்கிளோடு முன்னால் போகாதீர்கள். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே இடது ஓரம் நின்று, அது போன பிறகு கிளம்புங்கள். இருபது நொடிதான் போகும்.

குரங்குகள் இருக்கும் வளைவில் சாப்பிட எதையும் வெளியே எடுக்க வேண்டாம்.

படி 8: சாப்பாடும் தண்ணீரும்

உடம்பில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து கடினமான உழைப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான் வரும். ஏற்றமே அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் வழியில் சாப்பிட்டே ஆக வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நேந்திரம்பழம், இரண்டு கடலை மிட்டாய், கொஞ்சம் பேரீச்சம்பழம் போதும். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம், அரை மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நாலு இட்லி சாப்பிடலாம், சாம்பார் குறைவாக. பூரி வேண்டாம். தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். ஒரு பாட்டிலில் எலுமிச்சை, சர்க்கரை, உப்பு கலந்துகொள்ளுங்கள். எடை குறையட்டும் என்று தண்ணீரைக் குறைத்து ஏறிய நண்பர் ஒருவர் 44-வது வளைவில் தலை சுற்றி உட்கார்ந்தார்.

படி 9: இறங்குவது

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். நனைந்த சட்டையோடு இறங்கும்போது குளிரில் விரல் விறைத்து, பிரேக் பிடிக்கவே கஷ்டமாகும். ஐரோப்பாவின் பழைய பந்தய வீரர்கள் உச்சியில் செய்தித்தாள் வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். மலைமேல் சோளக்காட்டுச் சந்தைப் பக்கம் டீ குடிக்கும்போது பழைய செய்தித்தாள் ஒன்று கேட்டு வாங்கி அப்படியே செய்து பாருங்கள். காற்றை நன்றாகத் தடுக்கும்.

பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். வழி முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும் ஆபத்து உண்டு. விட்டு விட்டு, அழுத்திப் பிடியுங்கள். இருபது வளைவுக்கு ஒரு தடவை நின்று, ரிம்மின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாமலே அனல் தெரிந்தால் ஐந்து நிமிடம் ஆற விடுங்கள். ஏறும்போது கவனிக்காமல் விட்ட பள்ளத்தாக்கை நின்று பார்க்க அதுவே நேரம்.

காரவள்ளிக்கு வந்ததும், வீட்டுக்குக் கிளம்பும் முன், ஒரு சின்ன நோட்டில் நான்கு எண் எழுதுங்கள்: 10, 30, 50, 70-வது வளைவுகளைத் தொட்ட நேரம். அடுத்த தடவை வரும்போது முதல் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசி எண்ணைக் குறைக்கப் பாருங்கள். என் நோட்டில் இப்போது ஆறு வரிசை இருக்கிறது. முதல் வரிசையில் மட்டும்தான் பத்தாவது வளைவுக்கு நேராக 14 என்று இருக்கிறது.